கைமா மிஷினுக்கு ரெண்டு சாட்சி

— அந்த மீன எடுத்துக்கினு போ ரோஸி. இங்க யாரு அத்த ஆயறது?

— நானே ஆஞ்சி வச்சிட்டுப் போறேன் வசந்திக்கா. சங்கரா. இப்பத்தான் போட்டுலேந்து எறக்குனாங்க. செவுளத் தூக்கிப் பாரேன், ரத்தமாட்டம் கீது.

— ரத்தத்தப் பத்தி எங்கிட்ட பேசாத.

— ஐயோ மாதாவே! நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா. வாய் தவறிப்போச்சு.

— உனக்கு வாய் தவறும். எனக்கு கை தவறிடுச்சு. கெளம்பு.

— இப்பிடி மூஞ்சியத் திருப்பிக்கினா நான் எங்கக்கா போவேன்?

— எங்கேந்து வந்தியோ அங்கியே போ. ஆழ்வார்பேட்டை கம்பெனியில உன் கைமா மிஷினு உன்னத் தேடிக்கினு இருக்கும். மீன் கட்லெட்டு ஆர்டரு குமிஞ்சி கெடக்கும். பட்டப்பகல்ல குப்பத்துல உனக்கு இன்னா வேல?

— இன்னிக்கு இனிமே போவல.

— போவலியா? மொதலாளி ஞானதாசு சாரு உட்டுட்டாரா? என் கை மாட்டுன அன்னிக்கே மிஷின கழுவி உட்டு திரும்ப ஓட்டுன மனுசன். உனக்கு மட்டும் லீவு குடுத்துட்டாரு.

— அத்த அப்பால சொல்றேன். நீ மொதல்ல சாப்ட்டியா?

— சாப்ட்டேன்.

— யாரு ஊட்டி உட்டது?

— எதுக்கு ஊட்டணும்? அதான் ஒரு கை கீதே. காலையில எந்தக் கையால கழுவுறனோ, மத்தியானம் அதே கையால சோத்துல கை வைக்கிறேன். மொத தபா தட்டத் தள்ளிட்டேன். அப்பால பசி ஜெயிச்சிடுச்சு.

— ஒரு ஸ்பூனு வாங்கியாரட்டுமாக்கா?

— ஸ்பூனு கீது. ஸ்பூனால முள்ளு எடுப்பியா நீ? மீன்காரிதான, சொல்லு. முள்ளு எங்க கீதுன்னு கண்ணுக்கா தெரியும்? வெரலுக்குத்தான தெரியும்.

— ...தலைய யாரு சீவி உட்டது? ஒரே சிக்கா கீது.

— எங்கூட்டுக்காரு. பாவம், அவருக்கு தெரிஞ்சது வலை முடிச்சிதான். அதையே என் தலையில போட்டு வச்சிருக்காரு. அவுக்கவே முடியல.

— குந்து, நான் பின்னி உடுறேன்.

— தொடாத.

— ஏன்க்கா?

— தொடாதன்னா தொடாத. அவ்ளதான்.

— ஆசுபத்திரியிலயும் இப்பிடித்தான். நான் கட்டில் பக்கத்துல நின்னுக்கினே இருந்தேன். நீ என் மூஞ்சியக் கூடப் பாக்கல.

— உன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்? நான் என் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். பந்து மாரி துணி சுத்தி வச்சிருந்தாங்க. உள்ள இன்னா மிச்சம் கீதுன்னு எனக்கே தெரியாது. அப்பால டாக்டரு பிரிச்சாரு. கட்ட வெரலு மட்டும் நட்டுக்கினு நிக்குது. செல்லுல லைக்கு போடுவாங்க பாரு, அந்த மாரி. எல்லாத்துக்கும் லைக்கு போட்டுக்கினே திரியச் சொல்லி உட்டுட்டாங்க என்ன.

— சிரிக்காதக்கா. நீ அழுதாக்கூட பரவால்ல, சிரிக்காத.

— அழுவறதுக்கு சேலத் தலைப்பு வோணும், தலைப்பப் புடிக்க கை வோணும். சிரிப்புதான் சும்மா வருது. இன்னொண்ணு சொல்லட்டா? அந்த இல்லாத வெரலு அரிக்குதுடீ. நடு வெரலு. எங்கன்னு சொறிவேன்?

— வலிக்குதா?

— வலி போய்டும். அரிப்புதான் போவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

— நான்தான் உன்ன அந்த வேலைக்கு இட்டுக்கினு போனேன். லூப் ரோட்டுல நீ பாட்டுக்கு வெயில்ல குந்தி மீன் வித்துக்கினு இருந்த. ஏசி ரூமு, தலைக்கு தொப்பி, கைக்கு உறை, மாசம் பொறந்தா சம்பளம்னு நான்தான்...

— வெயிலு இல்லதான். பொய் சொல்லல நீ. வெரலு இருக்கா இல்லியான்னே தெரியாத குளிரு. இப்ப பழகிப்போச்சு எனக்கு.

— அக்கா...

— இன்னும் இன்னா? மீனு குடுத்துட்ட, கண்ணு கலங்கிட்ட. வந்த வேல முடிஞ்சிதுல்ல? வேலைக்கிப் போ. உனக்கு ஒண்ணும் ஆவாது. நிம்மதியா போ.

— நிம்மதியா? பட்டன அமுக்குனது நானு. எனக்கு எங்கேந்து வரும் நிம்மதி? கண்ண மூடுனா அந்த சத்தம்தான் கேக்குது. முள்ளு அடைச்சி மிஷினு உறுமும் பாரு, மொதல்ல அப்பிடித்தான்னு நெனச்சேன். அப்பால உன் சத்தம்.

— அத்த எதுக்கு இப்ப எடுக்குற?

— நான் எடுக்காம யாரு எடுப்பாங்க? நீ கேக்கவே மாட்டேன்ற. கேளேன் ஒரு தபா. நான் உன்னப் பாக்கலக்கா. மாதா மேல ஆணையா பாக்கல. எனக்கும் மிஷினுக்கும் நடுவுல மீன் ட்ரேய ஆளு ஒசரம் அடுக்கி வச்சிருந்தாங்க. நீதான் 'நிறுத்து, முள்ளு அடைச்சிக்கிச்சு'ன்ன. நிறுத்துனேன். நீ எடுத்துட்டியா இல்லியான்னு தெரியல. அதுக்குள்ள சாரு வாசல்ல நின்னுக்கினு கத்துறாரு. 'எவ அங்க நிறுத்தி வச்சிருக்கறது? டி.நகர் மண்டபத்துக்கு வண்டி நிக்குது. போடு, போடு, போட்டுத் தொல!'ன்னு...

— எனக்கும் கேட்டுச்சு.

— கேட்டுச்சா?

— நல்லாவே கேட்டுச்சு. 'இருங்க சார், கை உள்ள கீது'ன்னு நானும் கத்துனேன். ஐஸ் ரூமு மோட்டாரு சத்தத்துல உன் காதுல உழல. எனக்கு அது தெரியும் ரோஸி. அன்னிக்கே தெரியும்.

— அப்போ... பட்டன அமுக்குனதுக்கு எம்மேல கோவம் இல்லியா உனக்கு?

— அதுக்கு இல்ல.

— ஐயோ ஆண்டவரே... இத்தன நாளா அத்தயே நெனச்சி நெனச்சி செத்துக்கினு இருந்தேன்க்கா நான். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

— அதுக்கு கோவம் இல்லன்னுதான் சொன்னேன். கோவமே இல்லன்னு சொல்லல.

— வேற இன்னாக்கா பண்ணேன் நான்?

— உனக்கே தெரியும்.

— தெரியல. நெசமா தெரியல.

— நடிக்காத. கேக்கறதுன்னா நேரா வந்து கேட்டிருக்கணும். எதிர்க்க நின்னு, என் கையப் பாத்துக்கினு கேட்டிருக்கணும். நாலு வூடு தள்ளித்தான குடியிருக்க? நடந்து வர கால் இல்லியா?

— இன்னாத்தக் கேக்கணும்? எனக்கு ஒண்ணும் புரியலக்கா.

— யாரு உள்ள? ரோஸிம்மா குரலு மாரி கீது.

— வா பிரபாகர் மாமா. நான்தான், உன் பொஞ்சாதியப் பாக்க வந்தேன்.

— அடடே, மீனோட வந்திருக்க. இன்னாமே வசந்தி, நேத்து அந்த இங்கிலீசு பொண்ணு ஆப்பிளு எடுத்தாந்துச்சு, இன்னிக்கு தங்கச்சி சங்கரா எடுத்தாந்திருக்கு. கை போனாத்தான் வூட்டுக்கு மரியாதையே வருது.

— யோவ், கம்முனு குந்து.

— இன்னா சொல்லிட்டேன் இப்ப?

— மாமா, எந்த இங்கிலீசு பொண்ணு? சான்ட்ராவா? கம்பெனியில ஆபீசு பாக்குதே, அதுவா இங்க வந்துச்சு?

— அதான். கூலிங்கிளாசு போட்டுக்கினு வந்துச்சு. மீன் நாத்தம்னு மூக்கப் புடிச்சிக்கினு. மீன் கம்பெனியில வேல செய்யிது, மீன் நாத்தமாம் அதுக்கு. நான் வலையப் பிரிச்சிக்கினு வாசல்ல குந்தியிருந்தேன், உள்ள போய்...

— யோவ், உன்னத்தான் சொல்றேன். வாய மூடு. அவ வந்தா, பாத்தா, போனா. ரோஸிக்குத் தெரியாததா? தெரியாத மாரி கேக்குறா, நீயும் பதில் சொல்லிக்கினு கீற.

— எனக்கு எப்பிடிக்கா தெரியும்? எங்கிட்ட அது மூஞ்சி குடுத்தே பேசல. முந்தாநாள் ஒரு தபா ஆபீசு ரூமுக்கு கூப்ட்டு வச்சி பேசுனதோட சரி.

— முந்தாநாள் கூப்ட்டாளா? இன்னாத்துக்கு?

— அத்தச் சொல்லத்தான வந்தேன். நீ எங்க என்ன பேச உடுற? கேளேன். சேரு போட்டு குந்த வச்சிச்சு. டீ குடுத்துச்சு. எனக்கு அப்பவே பக்குன்னுச்சு, ஞானதாசு சாரு ரூமுல நமக்கு யாரு டீ குடுத்தாங்க? 'லுக் ரோஸி, லேபர் ஆபீசரு விசாரிக்க வரப்போறாரு. வசந்தி உம்மேலதான் சொல்லப்போறாங்க'ன்னுச்சு. 'பொறாமையில வேணும்னேதான் ரோஸி பட்டன அமுக்குனான்னு வசந்தி சொல்றாங்க. போலீசு கேசாயிடும். உன் பொண்ணு ஏஞ்சல யாரு பாத்துப்பாங்க? நீ முந்திக்கோ. வசந்தி தானாத்தான் ஓடுற மிஷினுல கைய உட்டாங்கன்னு சொல்லிடு. பி ப்ராக்டிகல்'னுச்சு.

— நான் அப்பிடி சொன்னேன்னா சொன்னா? வேணும்னே அமுக்குனன்னு?

— ஆமாக்கா.

— நீ நம்புனியா?

— ...ஒரு பொழுது நம்புனேன். பொய் சொல்ல மாட்டேன். நீதான் எம்மூஞ்சியப் பாக்கலியே, பேசலியே. சரி, அக்கா சொன்னாலும் சொல்லும், அதோட கை போச்சே, யாரையாவது திட்டணுமில்லன்னு நெனச்சேன். ஆனா உம்மேல கோவம் வரல. அது சத்தியம்.

— நாசமாப் போறவ. மாரியாத்தா கேக்கட்டும் அவள. ரெண்டு பக்கமும் வத்தி வச்சிருக்கா பாருய்யா.

— நான் நேத்தே சொன்னேன்ல வசந்தி, அந்தப் பொண்ணு மூஞ்சே சரியில்லன்னு.

— நீ இருய்யா. ரோஸி, அவகிட்ட நீ இன்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லல. யோசிச்சி சொல்றேம்மான்னு வந்துட்டேன். வூட்டுல வந்து குந்துனேன். ஞாயித்துக்கெழம பூசை கண்ணு முன்னால வருது. எங்க மாதா கோயில்ல மொத வாசகம் ஞானதாசு சாருதான் வாசிக்கிறாரு. கோட்டு போட்டுக்கினு, நிறுத்தி நிதானமா, 'இது ஆண்டவரின் அருள்வாக்கு'ன்றாரு. அதே வாய்தான, போட்டுத் தொலன்னு கத்துன வாயி? நான் பின்னால பெஞ்சில குந்திக்கினு அந்த வாயவே பாத்துக்கினு இருந்தேன்.

— அவரு வாய வுடு. அந்த மிஷினு இப்ப எப்பிடி கீது?

— மூடி மாட்டிட்டாங்கக்கா. நீ ஆசுபத்திரியில கீறப்பவே மாட்டிட்டாங்க. தொடச்சி பளபளன்னு வச்சிருக்காங்க. உள்ள கை உடாதீங்கன்னு மஞ்சா கலர்ல ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்காங்க.

— தமிழ்லயா?

— இங்கிலீசுல.

— நல்லாருக்குது.

— இன்னாமே மூடி? எனக்கு ஒருத்தரும் இத்த வெளக்கமா சொல்லல. கையி மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சுன்னுதான் சொல்றீங்க.

— மீன் அரைக்கிற அந்த கைமா மிஷினுக்கு மேல ஒரு கம்பி மூடி இருக்கும் மாமா. அத்தத் தொறந்தா மிஷினு தானா நின்னுடும். மூடாம இன்னா பட்டன அமுக்குனாலும் ஓடாது. செஞ்சவன் அப்பிடித்தான் செஞ்சி குடுத்திருக்கான். நம்ம சாருக்கு அது லேட்டாவுதாம். முள்ளு அடைக்கும், தொறக்கணும், எடுக்கணும், மூடணும், அப்பாலதான் ஓடும். அதுக்குள்ள வண்டி போய்டுமாம். ஆள இட்டாந்து மூடியக் கழட்டி மூலையில சாத்திட்டாரு. அடியில ரெண்டு ஒயர முறுக்கி உட்டு, மூடி இல்லாமலே ஓட வச்சாரு. மூடி இருந்திருந்தா நான் நூறு தபா அமுக்குனாலும் அக்கா கைக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

— மீன தள்ளி உடறதுக்கு ஒரு மரக்கட்ட குடுத்தாங்க. அது ஒடைஞ்சிது. புதுசு கேட்டோம். கையாலயே தள்ளுங்கன்னாரு. கட்ட ஒடைஞ்சா கை, கை ஒடைஞ்சா வேற கை. குப்பத்துல கைக்கா பஞ்சம்.

— தே... இத்தல்லாம் எங்கிட்ட ஏன்மே நீ சொல்லல? நேத்து நீ அந்தப் பொண்ணுகிட்ட பேசுனது...

— யோவ்! எழுந்து போய் மோர் இருந்தா எடுத்துக்கினு வா. போ.

— மாமாவ ஏன்க்கா தொரத்துற? இருக்கட்டும். அவரும் கேக்கணும் இத்த. இன்னிக்கு காலையில ஆபீசரு வந்துட்டாரு கம்பெனிக்கு.

— இன்னிக்கா? அடுத்த வாரம்னுதான சான்ட்ரா சொன்னா.

— இன்னிக்கே வந்துட்டாரு. சாரு, சான்ட்ரா, நாங்க அல்லாரும் வரிசையா நின்னோம். மிஷின சுத்தி சுத்தி பாத்தாரு. மூடியத் தொறந்தாரு, நின்னுச்சு. மூடுனாரு, ஓடுச்சு. 'எல்லாம் சரியாத்தான இருக்கு'ன்னாரு. சாரு கையக் கட்டிக்கினு நின்னாரு, செலை மாரி. ஒவ்வொருத்தியா கேட்டாரு ஆபீசரு. 'நான் பாக்கல சார், நான் அந்தப் பக்கம் இருந்தேன் சார்'னுட்டாளுங்க.

— அவளுங்களச் சொல்லிக் குத்தமில்ல. வயிறு கீதுல்ல.

— எனக்கும் வயிறு கீதுதான். ஆனா, அக்கா, உன் எடத்துல புதுசா ஒரு பொண்ண நிக்க வச்சிருக்காங்க. பேரு கூட தெரியல எனக்கு. கல்யாணமாகி வந்த புதுசு போல. பத்து வெரலுக்கும் மருதாணி. அந்தக் கைய வச்சிக்கினு அது மீன் ட்ரேயத் தூக்குது. ஆபீசரு என்னப் பாத்து 'நீ எதாவது பாத்தியாம்மா'ன்றாரு. நான் அந்த மருதாணியப் பாத்துக்கினு இருக்கேன்.

— ரோஸி. நீ எதாச்சும் சொன்னியா?

— அல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா.

— எல்லாத்தையும்னா?

— மொதல்லேந்து. மூடிய எவன் வந்து கழட்டுனான், ஒயர எங்க முறுக்குனான், மூடி அன்னிக்கு எந்த மூலையில கெடந்துச்சு, சாரு எந்த வாசல்ல நின்னுக்கினு கத்துனாரு. பட்டன நான்தான் சார் அமுக்குனேன், இவரு சொல்லித்தான் அமுக்குனேன், அப்போ மிஷின்ல மூடியே இல்லன்னு சொல்லிட்டேன். என்ன புடிச்சிக்கினு போறதுன்னா போங்க சார்னேன். ஏப்ரனக் கழட்டி அந்த ஸ்டிக்கரு மேலயே மாட்டிட்டு வந்துட்டேன். இனிமே ஆழ்வார்பேட்டை பக்கமே போவ மாட்டேன்.

— வேலைய உட்டுட்டியா? அதுக்குத்தான் இன்னிக்கு போவலன்னியா?

— உட்டுட்டேன். லூப் ரோட்டுலயே குந்திக்கிறேன். நீயும் வந்து குந்து. நான் ஆயறேன், நீ வெல பேசு. உன் வாயிக்கு முன்னாடி எவளும் கொறச்சிக் கேக்க மாட்டா. உனக்கு கை இல்லன்னா இன்னா, எனக்கு ரெண்டு கீதுல்ல.

— ஐயோ வசந்தி... இந்தப் பொண்ணு இன்னாமே சொல்லுது? நேத்து நீ...

— இருய்யா. இரு. என்னக் கேக்க உடு. ரோஸி, நீ சொன்னத அந்த ஆபீசரு நம்புனாரா?

— அதான்க்கா எனக்கு வெளங்கல. மொதல்ல நல்லாத்தான் கேட்டுக்கினு இருந்தாரு. 'நேர்ல பாத்த ஆளு நீ ஒருத்திதான். அடிபட்டவங்களும் இதையே சொன்னாங்கன்னா கேசு நல்லா நிக்கும்'னு சொன்னாரு. சாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா அந்த சான்ட்ராவுக்கு கோவமே வரல. சிரிச்சிச்சு. 'ஒன் மினிட் சார்'னு செல்ல எடுத்து, ஆபீசர ஓரமா இட்டுக்கினு போய் இன்னாவோ காட்டுச்சு. அவரு பாத்தாரு. அப்பால என்னப் பாத்தாரு. ஒரு மாதிரி பாத்தாருக்கா, கள்ள நோட்டப் பாக்குற மாரி. 'சரி, நீ போம்மா'ன்னுட்டாரு.

— செல்லுல இன்னான்னு உனக்குத் தெரியாது?

— தெரியாது. இன்னாவா இருந்தா இன்னா? உன்ன வந்து பாப்பாருல்ல? நீ நடந்தத நடந்த மாரி சொல்லு. என்னப் பத்தி யோசிக்காத. எம்பேரு வந்தா வரட்டும். ரெண்டு பேரும் ஒரே மாரி சொன்னா அந்த சாரு எங்க போய் ஒளிவாரு?

— ரோஸி, எம்மூஞ்சியப் பாத்து சொல்லு. நேத்து அந்த சான்ட்ராவ எங்கிட்ட நீதான அனுப்புன?

— நானா?

— 'ரோஸிதான் அழுது என்ன அனுப்பிச்சாங்க'ன்னா. 'உங்க மூஞ்சியப் பாக்க அவங்களுக்கு தைரியம் இல்ல. பட்டன அமுக்குனதுக்கு போலீசு புடிச்சிக்கினு போயிடும், ஏஞ்சலு தெருவுல நிக்கும். நீங்க ஒரு வார்த்த சொன்னா ரோஸி தப்பிச்சிடுவாங்க'ன்னா. 'ரோஸி உங்ககிட்ட பிச்சை கேக்குறாங்க'ன்னா.

— நான் யாரையும் அனுப்பலக்கா. எம்பொண்ணு மேல சத்தியம். நான் கேக்கறதா இருந்தா நானே வந்து உன் கால்ல உழுந்திருக்க மாட்டனா?

— உழுந்திருப்ப. அத்த நான் யோசிக்கல. வந்து கேக்கக்கூட இல்லியே இவன்னு, வயிறு எரிஞ்சிக்கினு இருந்தேன் நான். எரிஞ்சிக்கினுதான் அத்தச் செஞ்சேன். செஞ்சிட்டேன்.

— இன்னா செஞ்ச? மாமா, இன்னா செஞ்சுது அக்கா?

— நான் வாசல்ல இருந்தேம்மா. உள்ள பேச்சுதான் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு செல்லப் புடிச்சிக்கினு, 'கேமராவப் பாத்து சொல்லுங்க, கேமராவப் பாத்து சொல்லுங்க'ன்னுக்கினே இருந்துச்சு.

— அவ சொல்லிக் குடுத்தா, நான் சொன்னேன். மிஷினுக்கு மூடி இருந்துச்சுன்னேன். சாரு ஒண்ணும் கத்தலன்னேன். ஓடிக்கினு இருந்த மிஷின நானேதான் தொறந்து, அது சுத்தி நிக்கறதுக்குள்ள கைய உட்டேன்னேன்.

— அதாலதான் அது சிரிச்சிச்சா... சரிக்கா. அழுவாத. பரவால்ல. அவங்க மிரட்டி சொல்ல வச்சாங்கன்னு சொல்லிக்கலாம். நான் கீறேன்ல? நான் நேர்ல பாத்தவ. நான் அங்கியே நின்னேன்ல?

— உன்ன எப்பிடியாச்சும் தப்பிக்க வைக்கணும்னு, அவ கேக்காததையும் சேத்து நானே சொன்னேன்டீ. அன்னிக்கு நீ அந்த ரூம்லயே இல்லன்னு.